ஒரு பாட்டுத் தண்ணீர்

என் அண்ணிக்கு மணி பார்க்கத் தெரியும். ஆனால் பார்க்க மாட்டாள். அவளுடைய முடிவெட்டும் கடையில் சுவர்க் கடிகாரம் ஒன்று உண்டு, எந்தக் காலத்திலோ நின்றுபோனது. யாராவது அதைக் காட்டி, "கடிகாரம் நின்னுடுச்சு போல" என்று சொன்னால், "நிக்கட்டும், அதுக்கும் ஓய்வு வேணாமா?" என்பாள். அவளுக்கு நேரம் என்பது பாட்டு. ஆண்களுக்குச் சாதாரண வெட்டு என்றால் நாலு பாட்டு. முகத்தில் பூசும் களிம்பு மூன்று பாட்டு காய வேண்டும். நரைக்குச் சாயம் போட்டால் ஏழு பாட்டு கழித்துத் தலையைக் கழுவ வேண்டும். நாற்காலியில் இருப்பவர்கள் நெளிந்தால், "இன்னும் ரெண்டு பாட்டு இருக்கு, ஆடாம உக்காருங்க" என்று அதட்டல் வரும். யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. கத்தரிக்கோல் அவள் கையில் அல்லவா இருக்கிறது.

அவள் வேலை கற்ற கடையில் கடிகாரம் முதலாளியின் அறைக்குள் இருந்ததாம். வேலை செய்கிற இடத்தில் வானொலி மட்டும். ஆக, பாட்டை வைத்தே கை பழகிவிட்டது.

நானோ மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். மூன்று வேளை என்றால் மூன்று வேளைதான். இவள் எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் தேநீர் போடுவதைப் பார்த்தேன். பாலை வைத்துவிட்டுப் பல்லவியை முணுமுணுத்தாள், அனுபல்லவி வந்ததும் அடுப்பை அணைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேநீர் அருமையாக இருந்தது என்பதில் இன்னும் கொஞ்சம் பற்றியது. ஒரு தடவையாவது பொங்கி வழிந்திருந்தால் அவளிடம் அன்பாக இருந்திருப்பேன். வழியவே இல்லை. நாத்தனார் என்று ஒருத்தி எதற்குத்தான் இருக்கிறாள், சொல்லுங்கள்!

பிறகு என் கல்யாணம் ஆகி, நானும் அதே கட்டடத்தில் அதே தளத்தில் எதிர் வீட்டுக்கே குடிவந்தேன். எனக்கு முடி வெட்டுவதும் அவள்தான், என் சமையலறையில் உப்பு தீர்ந்தால் கதவைத் தட்டாமல் நான் நுழைவதும் அவள் வீட்டுக்குத்தான். பிடிக்காமல் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்?

எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடி அவள் வருவதற்கு முன்பு உடைந்த நாற்காலிகளின் அகதி முகாமாக இருந்தது. அதைச் சுத்தம் செய்து தோட்டம் போட்டவள் அவள். பெயிண்ட் வாளிகளில் தக்காளி, எண்ணெய் டின்களில் மிளகாய், யாரோ கழற்றிப் போட்ட பாத்திரம் கழுவும் தொட்டியில் புதினா, ஓரத்தில் நான்கைந்து ரோஜா. எல்லாவற்றுக்கும் மகாராணி, பழைய குளியல் தொட்டி ஒன்றில் படர்ந்திருந்த பூசணி. அந்தக் குளியல் தொட்டியின் மண்ணுக்குள் ஒரு ரகசியம் உண்டு. கடையில் வெட்டி விழும் முடியை எல்லாம் அள்ளிக்கொண்டுவந்து அதில்தான் புதைப்பாள். எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் ஒவ்வொருவரின் தலையிலும் ஒரு பங்கு அங்கே கிடந்தது. முடி மக்கினால் நல்ல உரமாம். மக்குகிற வரையில் பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைக்குமாம். முதலில் கேட்டபோது எனக்குக் குமட்டியது. அந்தப் பூசணியில் குழம்பு வைத்த அன்று சரியாகிவிட்டது.

செடிக்குத் தண்ணீர் விடுவதும் பாட்டுக் கணக்குத்தான். வரிசைக்கு ஒரு பாட்டு. காலையில் கைப்பேசியைப் பூந்தொட்டி விளிம்பில் சாய்த்து வைப்பாள். பழைய பாட்டு ஒன்று ஆரம்பிக்கும். முன்னால் வயலின்கள் ஊர்வலம் போகும், அப்போது குழாயை நீட்டிச் சிக்கெடுப்பாள். பல்லவிக்குத் தண்ணீர் விழும். முதல் சரணம், நடுவில் புல்லாங்குழல், இரண்டாவது சரணம், மறுபடி பல்லவி. பாட்டு முடிந்தால் அடுத்த வரிசை. அவள் பாடுவது கேட்கும்படி இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பாடுகிற முகம் பார்க்கும்படி இருக்கும்.

இப்படியே போயிருக்க வேண்டியது. அண்ணன்தான் கெடுத்தான்.

அண்ணனுக்கு டயர் பட்டறையில் வேலை. நாள் பூராவும் இரும்புச் சத்தம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, அதைவிடப் பெரிய சத்தமாகப் புதுப் பாட்டுக் கேட்பான். அண்ணிக்குப் பழைய பாட்டு. இதற்காக அவர்களுக்குள் நடக்கும் சண்டையில் நான் எந்தப் பக்கமும் சேர்வதில்லை, இரண்டு பக்கத்துக்கும் எடுத்துக் கொடுப்பேன். அண்ணியின் கடையில் இருந்த பழைய வானொலி ஒருநாள் உயிரை விட்டது. அண்ணன் பாசத்தோடு புது ஸ்பீக்கர் ஒன்று வாங்கி, அதில் தனக்குப் பிடித்த புதுப் பாட்டுகளாக நிரப்பிக் கொடுத்துவிட்டான். புருஷன் ஆசையாகக் கொடுத்ததாயிற்றே என்று அண்ணியும் அன்று அதையே ஓடவிட்டாள்.

அன்று நாற்காலியில் இருந்தது யார் என்பதுதான் விஷயம். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் கடைசி மாடியில் இருக்கிறார். எதற்கெடுத்தாலும் லிஃப்டுக்குள் ஒரு நோட்டீஸ் ஒட்டுவார். படியில் சைக்கிள் நிறுத்தாதீர், குப்பையைக் கட்டிப் போடுவீர், லிஃப்டில் நோட்டீஸ்களைக் கிழிக்காதீர். அதனால் அவர் நோட்டீஸ்காரர். பெயர் வைத்தது அண்ணி, பரப்பியது நான். நாற்காலியில் இருந்தது அவருடைய மனைவி. மறுநாள் தங்கை மகளுக்குக் கல்யாணம், தலைக்குச் சாயம் போட வந்திருந்தார்.

ஏழு பாட்டு முடிந்தது. தலையைக் கழுவினாள். துண்டை எடுத்தபோது கடையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு எங்கோ பார்த்தார்கள். கறுப்பாக இருக்க வேண்டிய முடி பளபளவென்று செம்பு நிறத்தில் நின்றது. காதோரத்தில் நரை பாதி சாயம் குடித்த மயக்கத்தில் எட்டிப் பார்த்தது.

"என்னம்மா இது? என் தலைய விளக்குன குடம் மாதிரி பண்ணி வச்சிருக்க!"

"ஏழு பாட்டு முடிஞ்சுதுக்கா. சத்தியமா ஏழு பாட்டு..." அண்ணி ஸ்பீக்கரைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புதுப் பாட்டில் முன்னால் ஊர்வலம் கிடையாது. நடுவில் புல்லாங்குழல் கிடையாது. சரணமே ஒன்றுதான், அதுவும் அவசரமாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. பழைய பாட்டில் பாதிகூட இல்லை.

மறுபடி போட்டுத் தருகிறேன் என்று அண்ணி கெஞ்சினாள். "இனிமே இந்த நாற்காலில நான் உக்காந்தா என்னன்னு கேளு" என்று சொல்லிவிட்டு, செம்புத் தலையோடு அந்த அம்மா கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி ஸ்பீக்கரை அண்ணன் மடியில் வைத்தாள். "வாயத் திறக்குறதுக்குள்ள முடிஞ்சுபோகுது. இது பாட்டா, கொட்டாவியா?" அன்று முதல் புதுப் பாட்டுக்குக் கடையிலும் வீட்டிலும் தடை. அண்ணன் டயர் பட்டறையிலேயே உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவான், திருட்டுத்தனமாகத் தின்பண்டம் தின்றுவிட்டு வருகிற முகத்தோடு.

அந்த வாரமே லிஃப்டில் நோட்டீஸ். மொட்டை மாடிச் செடிகளால் தொட்டித் தண்ணீர் காலியாகிறது, காலை எட்டு மணிக்கு மேல் மேல்மாடிகளுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை, செடிகளை அகற்றுவது குறித்துக் கூட்டம். செம்புத் தலைக்குப் பழிவாங்கல் என்று எனக்குப் பட்டது, அதை நான் நாலு பேரிடம் சொல்லவும் சொன்னேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமே, தண்ணீர் ஏறாததும் உண்மைதான். என் வீட்டிலேயே எட்டு மணிக்கு மேல் குழாய் இருமியது.

கூட்டம் கீழே கார் நிறுத்தும் இடத்தில் நடந்தது. நோட்டீஸ்காரர் எழுந்து தொண்டையைச் செருமினார். "செடி வளர்க்கறது நல்ல விஷயம்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா மனுஷன் முகம் கழுவத் தண்ணி இல்லாம இருக்கறப்போ தக்காளி குளிக்கணுமா?" பாதிப் பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பலர் அந்தத் தக்காளியை ஓசியில் வாங்கித் தின்றவர்கள். ஒவ்வொருவர் முகத்தையும் நான் நினைவில் வைத்துக்கொண்டேன்.

பராமரிப்பு வேலைக்கு வரும் குழாய்க்காரர்தான் நடுவில் புகுந்தார். "சார், சும்மா சண்டை எதுக்கு? மாடிக் குழாய்க்குத் தனியா ஒரு மீட்டர் மாட்டுறேன். ஒரு மாசம் பாக்கலாம். ஒரு வீட்டுக்கு ஆகுற தண்ணிய விடக் கம்மியா ஆச்சுன்னா செடி இருக்கட்டும். கூட ஆச்சுன்னா எடுத்துடலாம்." எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. அண்ணியும் சரி என்று தலையாட்டினாள். அவளுக்குத் தன் தோட்டத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஒரு வாரம் கழித்துக் குழாய்க்காரர் மீட்டரைப் பார்த்துவிட்டு நேராக எங்களிடம் வந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார். "ரெண்டு குடும்பம் இருக்கற மாதிரி ஓடுதும்மா. இப்படியே போனா மாசக் கடைசில நான் என்ன செய்ய முடியும்?"

அண்ணி மாடிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். மிளகாய்ச் செடிகளுக்கு முன்னால் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்திருந்தாள். அவள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

"கடையில நான் என்ன செஞ்சாலும் ஒரு மாசத்துல காணாமப் போயிடும்மா. அழகா வெட்டி அனுப்புவேன், வளந்துடும். சாயம் போடுவேன், வெளுத்துடும். வளர்றதுதான் எனக்கு எதிரி. இங்க மட்டும்தான் வளர வளர எனக்குச் சந்தோஷம். இதையும் எடுத்துட்டா நான் எங்க போவேன்?"

நாத்தனார் மாதிரி ஏதாவது குத்தலாகச் சொல்லலாம் என்று பார்த்தேன், வரவில்லை. "எடுக்க விட்டாத்தானே" என்று மட்டும் சொன்னேன். எப்படி என்று எனக்கும் தெரியாது.

தண்ணீரைக் குறைக்க அண்ணி பாடாய்ப் பட்டாள். குவளையால் அளந்து ஊற்றிப் பார்த்தாள். முணுமுணுத்துக்கொண்டே ஊற்றியதில் ஒரே மிளகாய்க்கு மூன்று தடவை குளியல், பக்கத்துச் செடிக்குப் பட்டினி. கைப்பேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வைத்தாள். மணி அடித்தது. அவள் உச்ச ஸ்தாயியில் இருந்ததால் காதில் விழவில்லை, கீழே என் வீட்டுக்குக் கேட்டது.

"பாட்டப் பாதியில நிறுத்திடுங்க அண்ணி. பல்லவி முடிஞ்சதும் அடுத்த வரிசைக்குப் போயிடுங்க."

அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். "பாதித் தலைய வெட்டி ஒருத்தர வெளிய அனுப்ப முடியுமா? அது மாதிரிதான் இதுவும். எடுத்த பாட்ட முடிக்காம விட்டா அன்னிக்கு முழுக்க எனக்குக் கை ஓடாது."

ஒரு விடுமுறை நாள். நான் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேலே அண்ணியின் பாட்டு ஆரம்பித்தது. எங்கள் சமையலறைச் சுவரை ஒட்டி, மொட்டை மாடியிலிருந்து மழைநீர் இறங்கும் குழாய் ஒன்று போகிறது. பல்லவி, முதல் சரணம், புல்லாங்குழல் எல்லாம் ஆயிற்று. இரண்டாவது சரணத்தை அண்ணி எடுத்தாள். சுவருக்குள் கடகடவென்று தண்ணீர் இறங்கியது. மழை ஏது என்று சன்னல் வழியாகப் பார்த்தேன். சுள்ளென்று வெயில். பாட்டு முடிந்தது, கடகட நின்றது. அடுத்த பாட்டு. முன்னிசை, பல்லவி, சரணம், அமைதி. இரண்டாவது சரணம் வந்ததோ இல்லையோ, மறுபடி கடகட. குழாயும் கூடச் சேர்ந்து பாடியது.

கையில் சோப்பு நுரையோடு மாடிப்படி ஏறி ஓடினேன். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

"அண்ணி! உங்க ரெண்டாவது சரணம் பூராவும் என் வீட்டுச் சுவர் வழியாச் சாக்கடைக்குப் போகுது!"

"ஏன், நல்ல சரணமாச்சே?"

"சரணம் நல்லாத்தான் இருக்கு, தண்ணிதான் வீணாப் போகுது! செடியெல்லாம் முதல் சரணத்துலயே குடிச்சு முடிச்சுடுது. அதுக்கு மேல விடுறது அத்தனையும் வாளிக்கு அடியில ஓட்டை வழியா ஓடி, அந்த மூலையில விழுந்து, என் சுவருக்குள்ள இறங்குது."

அண்ணி குனிந்து தக்காளி வாளிகளைப் பார்த்தாள். அடியிலிருந்து தண்ணீர் சரசரவென்று மூலைக்கு ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அவள் இரண்டாவது சரணத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவாள். எப்படித் தெரியும்?

"அதான் இலையெல்லாம் மஞ்சளாப் போகுதா? மீட்டர் கணக்கு தெரியறதுக்கு முன்னாடி நான் தண்ணி பத்தலன்னு நெனச்சு இன்னும் நீளமான பாட்டா இல்ல போட்டுட்டிருந்தேன்!" தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு குழாயை மடக்கிப் பிடித்தபடி யோசித்தாள். "பாட்டப் பாதியில நிறுத்தவும் கூடாது. ரெண்டாவது சரணமும் கூடாது. அப்போ ரெண்டாவது சரணமே இல்லாத பாட்டா..."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"கொட்டாவி!" என்றேன் நான்.

அன்று மாலை அண்ணன் வேலையிலிருந்து வந்தபோது, அண்ணி ஒரு தட்டில் அவனுக்குப் பிடித்ததை எல்லாம் வைத்து நீட்டினாள். அவன் பயந்துபோனான். "அந்த ஸ்பீக்கரு எங்க வச்ச?" என்று அண்ணி கேட்டதும் அவனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. அலமாரிக்கு மேலிருந்து அதை எடுத்துத் துடைத்து, வீட்டுக்குள்ளேயே ஒரு சுற்று ஆடி, "நான் அப்பவே சொல்லல?" என்றான். அவன் எப்போதும் எதுவும் சொன்னதில்லை. சரி, அனுபவிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

மறுநாள் காலை புதுப் பாட்டு மொட்டை மாடி ஏறியது. முதல் நாள் அண்ணி முகத்தைச் சுளித்துக்கொண்டே தண்ணீர் விட்டாள். பாட்டு முடிந்ததும் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, "அவ்வளவுதானா?" என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். நான் கீழே சமையலறையில் சுவரில் காதை ஒட்டி நின்றேன். ஒரு சத்தமும் இல்லை.

அடுத்தடுத்த நாட்களில் என்ன நடந்தது என்று கேட்டால், செடியும் மாறியது, அண்ணியும் மாறினாள். மஞ்சள் இலைகள் உதிர்ந்து புது இலை கரும்பச்சையாக வந்தது. பூத்துப் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்த மிளகாய், பூவைப் பிடித்து வைத்துக்கொண்டது. அண்ணியோ ஒரு பாட்டைத் திரும்பப் போட்டுக் கேட்டாள். ஒரு பெண் யாரிடமோ பேசுகிற மாதிரியே பாடுவாள், அந்தப் பாட்டு. "இவ பாடலம்மா, தலை வாரிக்கிட்டே நம்மகிட்டப் பேசுறா. கேளேன்" என்றாள். இன்னொன்றில் மத்தளம் மாதிரி ஏதோ ஒன்று இடித்துக்கொண்டே வரும். அதற்கு அவள் இடுப்பு தானாக ஆடியது. ஆடுவதை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், குழாயில் சிக்கு எடுப்பதாகப் பாசாங்கு செய்தாள். சிக்கே இல்லை.

கடையிலும் தடை நீங்கியது. சாயத்துக்குப் பழைய பாட்டு ஏழு, புதுப் பாட்டு என்றால் பதினைந்து என்று கணக்கைத் திருத்திவிட்டாள். ஒன்றையும் ஒன்றையும் கலந்து போட்டால் அவளுக்கு மட்டுமே புரியும் ஏதோ ஒரு கணக்கு. முன்பு, 'இப்ப வர்றதெல்லாம் பாட்டா' என்று யாராவது பெருமூச்சு விட்டால் கூடச் சேர்ந்து விடுவாள். இப்போது சீப்பை நீட்டி, "அன்னிக்கும் நல்லது வந்துச்சு, குப்பையும் வந்துச்சு. குப்பையை மறந்துட்டோம், அவ்வளவுதான்" என்று வாயை அடைத்துவிடுகிறாள்.

மாதம் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, அதே கார் நிறுத்துமிடம், அதே பிளாஸ்டிக் நாற்காலிகள். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் உள்ளங்கை சில்லென்றிருந்தது. என்னுடையதும் அப்படித்தான். குழாய்க்காரர் மாடிக்குப் போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். வரும்போதே சிரிப்பை அடக்க முடியாமல் வந்தார்.

"சார், ஒரு வீட்டுக்கு ஆகறத விடக் கம்மிதான். முதல் வாரம் அவ்வளவு ஓடியும் கம்மி. சொல்லப்போனா உங்க வீட்டுல ஆகறதுல பாதிதான் சார்."

அன்று சிரித்த பாதிப் பேர் இப்போதும் சிரித்தார்கள். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை.

நோட்டீஸ்காரர் நம்பவில்லை. "அதெப்படி? இவங்க வீட்டுக் குழாயில பிடிச்சு வாளில தூக்கிட்டுப் போயிருப்பாங்க."

"அந்த வீட்டு மீட்டரையும் பாத்துட்டேன் சார். வழக்கமா ஓடறதுதான்."

நான் எழுந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். நல்லதாக ஒன்று நாக்கு நுனியில் இருந்தது. அண்ணி என் கையை அழுத்தி உட்கார வைத்துவிட்டு அவள் எழுந்தாள்.

"இன்னும் இன்னிக்குத் தண்ணி விடல சார். மேல வாங்க. எல்லாரும் வாங்க. பாத்துட்டுச் சொல்லுங்க."

கட்டடமே மாடி ஏறியது. லிஃப்ட் மூன்று நடை போய் வந்தது. அண்ணி ஸ்பீக்கரைப் பூந்தொட்டி விளிம்பில் வைத்தாள். அண்ணன் அதன் பொத்தானைத் தட்டிவிட்டுக் கர்வமாக நின்றான். முதல் பாட்டு இடித்துக்கொண்டு வந்தது. அண்ணி தக்காளி வரிசையில் நுழைந்தாள். ஒரு வாளிக்கு ஒரு வரி, அடுத்த வாளிக்கு அடுத்த வரி. பாட்டின் கடைசி அடி விழவும் கடைசி வாளி நனையவும் சரியாக இருந்தது. அடியில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. இரண்டாவது பாட்டுக்கு மிளகாய். கூட்டத்தில் யாரோ தாளம் போட ஆரம்பித்தார்கள். மூன்றாவதற்கு ரோஜா. அண்ணி இந்தத் தடவை பாசாங்கு செய்யவில்லை. குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் ஆடிக்கொண்டே தண்ணீர் விட்டாள். சிவப்புச் சிவப்பாகத் தக்காளி தொங்க, நடுவில் அவள் ஆடியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவள் என் அண்ணி என்று கத்த வேண்டும் போல் இருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் மட்டும் சொன்னேன். அவருக்கு ஏற்கனவே தெரியும்.

பாட்டு முடிந்ததும் முதலில் பேசியது நோட்டீஸ்காரரின் மனைவி. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அண்ணியிடம் வந்தார். செம்பு நிறம் நுனியில் வெளுத்து, வேரில் நரை ஏறியிருந்தது.

"நாளைக்குக் கடை இருக்கா?"

"இருக்குக்கா. நல்லா கறுப்பாவே போட்டு..."

"கறுப்பு யாருக்கு வேணும்? கல்யாணத்துல அத்தனை பேரும் எங்க போட்ட, எங்க போட்டன்னு பிச்சு எடுத்துட்டாங்க. தங்கச்சி வீட்டுக்காரங்க என்னை அடையாளமே கண்டுபிடிக்கல. ரோஷத்துல இத்தனை நாளா வராம இருந்துட்டேன். எனக்கு அதே நிறம்தான் வேணும். ஏழு கொட்டாவி, சரியா?"

கொட்டாவி என்ற பெயர் கடைசி மாடி வரைக்கும் எப்படிப் போனது என்று அண்ணி என் பக்கம் திரும்பினாள். நான் ரோஜாவைப் பார்த்தேன்.

ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார்கள். தக்காளி வேண்டுமென்று சொன்னவர்களுக்கு அண்ணி பறித்துக் கொடுத்தாள். அன்று சிரித்தவர்களுக்கும்தான். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். நோட்டீஸ்காரர் மட்டும் போகவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பூசணித் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"செடி இருக்கட்டும்மா. இப்பல்லாம் எட்டு மணிக்கு மேலயும் தண்ணி வருது, நானே பாத்தேன்." தொண்டையைச் செருமினார். "ஆனா ஒரு விஷயம். இந்தப் பழைய பாட்டு..."

"சத்தம் அதிகமா சார்?"

"இல்லம்மா. என் படுக்கையறை இதுக்கு நேர் கீழதான். இத்தனை வருஷமாக் காலையில அதக் கேட்டுத்தான் எழுந்திருப்பேன். இந்த ரெண்டு மூணு வாரமா எழுந்திருக்கவே பிடிக்கல. ஒண்ணே ஒண்ணாவது போடக் கூடாதா?"

நோட்டீஸ் ஒட்டும் மனிதர் கெஞ்சி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணிக்கு வாயெல்லாம் பல்.

"இந்தப் பூசணிக்கு இன்னும் தண்ணி விடல சார். இதுக்கு ஞாயித்துக்கிழமைல ஒரு தடவை ஆழமா விட்டாப் போதும். வாரத்துக்கு ஒரு முழுப் பாட்டு இது தாங்கும்." குழாயை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே பிடிங்க."

"வழிஞ்சு ஓடாதா?"

"ஓடாது சார். இந்த மண்ணுக்குள்ள எல்லார் முடியும் இருக்கு. உங்களுதும் இருக்கு. அதுதான் தண்ணியப் பிடிச்சு வச்சிருக்கு."

அவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "என் தலையில நிக்காதது இங்கயாவது நிக்குதே" என்றார். அவர் இப்படிப் பேசுவார் என்று தெரிந்திருந்தால் நான் அவருக்கு வேறு பெயர் பரப்பியிருப்பேன்.

அண்ணி தன்னிடம் இருந்ததிலேயே நீளமான பழைய பாட்டைத் தேடிப் போட்டாள். வயலின்கள் ஊர்வலம் கிளம்பின. பல்லவி வந்ததும் நோட்டீஸ்காரர் குழாயைத் தொட்டிக்குள் இறக்கினார். உதடு அசைந்தது. முதல் சரணத்தில் குரலும் வந்துவிட்டது. அவர் குரல் அண்ணியின் குரலைவிட மோசம். இருவரும் சேர்ந்தபோது எப்படியோ சரியாக இருந்தது. புல்லாங்குழல் முடிகிற இடத்தில் நான் மூலைக்குப் போய், தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் குனிந்து காதை வைத்தேன்.

இரண்டாவது சரணம் வந்தது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். கடைசிப் பல்லவி வரையிலும் காத்திருந்தேன். ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.